ஆறாவது வால்வு

சுபாஷிணி அம்பாசமுத்திரம் போய் இரண்டு வருடமாகிறது. படுக்கையில் விழுந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. அவள் கணவர் ஜோதிலிங்கத்துக்கு டெல்லியில் இன்னும் மூன்று வருட சர்வீஸ் இருந்தது. அவர்களுடைய எழுபத்திரண்டாம் வருடத்து ஃபியட்டும் அவரோடு தங்கிவிட்டது. ஓட்டுவது அவர், பானெட்டைத் திறந்து பழுது பார்ப்பது எப்போதும் அவள்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் எஞ்சினில் டிக் டிக்கென்று சத்தம். அவளைக் கூப்பிட்டு, போனை பானெட்டுக்குள் நீட்டினார்.

“மேலேருந்து வருதா, கீழேருந்தா?”

“மேலதான்.”

“ஆக்சிலேட்டர் குடுத்தா சத்தம் கனக்குதா?”

“இல்ல. வேகமாகுது, அவ்வளவுதான்.”

“அப்போ பயப்படாதீங்க. ஏதோ ஒரு வால்வுல இடைவெளி கூடியிருக்கு. இப்ப சூடா இருக்கும், தொடாதீங்க. காலையில கூப்பிடுங்க, சொல்லுதேன்.”

காலையிலும் பேசலாம் என்றதும் அவருக்குச் சத்தத்தைப் பற்றிய கவலையே போய்விட்டது.

ஞாயிறு காலை வால்வுகளின் மேல்மூடியைக் கழற்றினார். அவள் சொன்னபடி நாலாவது கியரில் போட்டு, எஞ்சின் சுழலும்படி வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, ஒவ்வொரு வால்வின் இடைவெளியிலும் அளவுத் தகட்டைச் செருகிப் பார்த்தார்.

“ஆறாவதுல தகடு லொடலொடங்குது, சுபா.”

“நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவைத் திருப்புங்க. தகட்டை இழுத்தா லேசாப் பிடிக்கணும். நட்டை இறுக்கிட்டு மறுபடி பாருங்க, இறுக்கும்போது மாறும்.”

மாறியிருந்தது. மூன்றாம் முறைதான் சரியாக வந்தது.

மூடியை மாட்டி ஸ்டார்ட் செய்தார். டிக் டிக் இல்லை. போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“கேக்குதா?”

“ஆஃப் பண்ணாதீங்க. கொஞ்ச நேரம் ஓடட்டும்.”

எப்போது வருவாய் என்று கேட்க நினைத்தார். கேட்டால், அவள் அம்மா எப்போது போவார் என்று கேட்டதாகிவிடும்.

“மந்திர் மார்க் வரைக்கும் போயிட்டு வருவோமா?” என்றார்.

“போனை வைக்காம இருக்கேன். போங்க.”

போனை இடப்பக்க சீட்டில் வைத்து ஓட்டினார். பத்து நிமிடம் கழித்து அவள் குரல் வந்தது.

“சாணக்யபுரி தாண்டியாச்சா?”

“இப்பதான். ரோடு காலியா இருக்கு.”

“கியரை மாத்துங்க, இழுக்குது.”

மாற்றினார். அந்தப் பக்கம் அவள் அம்மா முனகுவது கேட்டது.

“அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கணும்.”

“போம்மா. பாரு.”

அவள் உடனே வைக்கவில்லை. அடுத்த சிக்னல் வரை இருவரும் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு இணைப்பு அறுந்தது.

திங்கட்கிழமை ஆபீசில் பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்தார். எட்டு நாள்தான் கிடைத்தது.