இரண்டு தட்டு

விடியற்காலை நாலரை மணி. பணிமனையில் நாற்பது மின்பேருந்துகள். சார்ஜ் கேபிளைத் தோளில் தூக்கினால் முதுகு விண்ணென்று இழுக்கும். நாற்பது தடவை தூக்கவேண்டும். செருகிய கையோடு வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு: கரண்ட் இருக்கிறது, கிட்டே வராதே. பிடுங்கியதும் ஒரு தட்டு. நாங்களே வைத்துக்கொண்ட சட்டம்.

முன்பெல்லாம் கழுவி முடித்த பிறகுதான் சார்ஜ். கட்டுப்படியாகவில்லை என்று முதலாளி ஒரு ஷிப்டையே வெட்டினான். இரண்டு வேலையும் ஒன்றாக நடந்தது. கேபிள் தலை வெடித்திருக்கிறது என்று மூன்று தடவை சொன்னேன். டேப் சுற்றச் சொன்னான். புகையில்லாத வண்டி வாங்க மக்கள் வரிப்பணம் மானியமாகக் கோடி கோடியாக வந்தது. ஒரு கேபிள் தலை மாற்ற இவனுக்கு வக்கில்லை!

அன்று பன்னிரண்டாவது வண்டியில் நான் தட்ட மறந்துவிட்டேன்.

பாழாய்ப்போன மறதி! அங்கே கழுவிக்கொண்டிருந்தவள் என் கூடப்பிறந்த அக்கா. டேப் சுற்றிய அந்தக் கேபிளை ஈரக்கையால் ஒதுக்கினாள். பளீரென்று ஒரு வெளிச்சம். தோல் கருகும் நாற்றம். சுவரில் மோதி விழுந்தாள். ஓடிப்போய் மெயினை அணைத்தேன். மூச்சு இருந்தது, உள்ளங்கை வெந்து பிளந்திருந்தது.

ஆபீஸ் அறையிலிருந்து வந்த முதலாளி ஒரு தாளை நீட்டினான். "உன் கவனக்குறைவுதான்னு கையெழுத்துப் போடு. அப்புறம் ஆம்புலன்ஸ்."

"மறந்தது நான்தான், போடறேன். வெடிச்ச கேபிளையும் அதுலயே எழுதுங்க."

"அரசாங்கம் கிலோமீட்டருக்கு என்ன குடுக்குதுன்னு தெரியுமாடா? பேட்டரி விலையை என்னால குறைக்க முடியுமா? உங்களைத்தான் குறைக்க முடியும்!"

"புகையை நிறுத்திட்டீங்க, சரி. எங்க மூச்சையும் நிறுத்தணுமா?"

அவன் கண்ணைக் காட்டினான். காவலாளியின் இரும்புக்கம்பி என் முழங்காலில் இறங்கியது. அடுத்த அடியில் பல்லொன்று வாய்க்குள் உருண்டது.

அதற்குள் பதினோராவது வண்டி ஓட்டுநர் அக்காவைத் தூக்கித் தன் வண்டியில் கிடத்திவிட்டார். எந்த வம்புக்கும் போகாதவர், 'சாமியார்' என்று நாங்கள் கேலி செய்கிற ஆள்! நான் தவழ்ந்துபோய் அவர் வண்டியின் கேபிளைப் பிடுங்கி, ஒரு தட்டுத் தட்டினேன்.

"அது என் வண்டிடா, இறங்கு!" என்று முதலாளி ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினான்.

"பாதிக்கு மேல ஜனங்க காசு, சார். ஜனத்தைத்தான் ஏத்தியிருக்கேன்."

காவலாளிகள் கேட்டைப் பூட்டினார்கள். கழுவுகிற பெண்கள் பாய்ந்தார்கள். ஒருத்திக்கு மண்டை உடைந்தது. பிடித்த கம்பியை அவள் விடவில்லை. மெக்கானிக் ஸ்பானராலேயே பூட்டை நொறுக்கினார். வண்டி சத்தமில்லாமல் அக்காவைக் கொண்டுபோனது.

"நாளைக்கு ஒருத்தனுக்கும் வேலை கிடையாது! மத்த வண்டியெல்லாம் எடுங்கடா!"

வேலை போகலாம். அக்காவின் கை பிழைக்குமா, அதுவும் தெரியாது. ரத்தம் வழிய நின்ற அந்தப் பெண், பக்கத்து வண்டியை இரண்டு தட்டுத் தட்டினாள். அடுத்தவள் தட்டினாள். ஓட்டுநர்கள் இறங்கிவந்து தட்டினார்கள். நானும் வண்டியைப் பிடித்து எழுந்து நின்று தட்டினேன். முப்பத்தொன்பது வண்டிகளும் அதிர்ந்தன.

மெயின் அணைந்துதான் கிடந்தது. ஆனாலும் ஒரு வண்டியிலும் கை வைக்க முதலாளிக்குத் துணிச்சல் வரவில்லை.