விலை உயர்ந்த ஏப்பம்

ஹார்லன் மாமா கரண்டியால் காபிக் கோப்பையைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது, லீயான் பன்றித்தொடைத் துண்டுகள் அடுக்கிய தட்டை நீள மேசையின் நடுவில் வைத்துக்கொண்டிருந்தாள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சலசலப்பு அடங்கியது. மேலே பாதிரியார் பேசியது பாதிரியார் பேச்சு. ஊர் காத்திருந்தது ஹார்லனின் பேச்சுக்குத்தான். சற்று முன்புதான் லீயானின் அப்பா வெர்லினை உறைந்துபோன மண்ணில் இறக்கிவிட்டு வந்திருந்தார்கள்.

"என் மச்சானைப் பத்திப் பேசறப்ப நான் அழுவேன்னு நெனைச்சீங்கன்னா ஏமாந்து போவீங்க" என்றார் ஹார்லன். "ஒரே ஏப்பத்துல ஒரு படகையே ஏப்பம் விட்டவன் இந்த மிசூரி மாநிலத்துலயே அவன் ஒருத்தன்தான்."

கூடம் முழுக்கச் சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா நடீன்கூடக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அழுகைக்கு நடுவே அப்படி ஒரு சிரிப்பு கிடைத்ததில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. லீயானின் உதடுகளும் பழக்கத்தில் விரிந்தன. தானும் சிரிப்பது விரிந்தபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அந்த ஏப்பத்தின் கதை தெரியாதவர்கள் ஊரில் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், நன்றியறிதல் நாள் விருந்து முடிந்த ராத்திரி, வெர்லினுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. நடீன் அவரை வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் பறந்தாள். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி, ரத்தம் எடுத்து, படம் எடுத்து, ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தார்கள். விடிகிற நேரத்தில் வெர்லின் நீளமாக ஓர் ஏப்பம் விட்டார். வலி போய்விட்டது. நர்ஸ் சிரித்துவிட்டாளாம்.

சில மாதம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்தது. வந்தது வாயுக் கோளாறு, அது அவசரம் ஆகாது, ஆகவே பணம் கிடையாது என்றது. நெஞ்சு வலிக்கிறபோது உள்ளே இருப்பது இதயமா வாயுவா என்று வலிக்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று லீயான் தொலைபேசியில் மன்றாடிப் பார்த்தாள். அந்தப் பக்கம் இருந்த பெண் ரொம்ப மரியாதையாக, மறுபடி மறுபடி அதையே சொன்னாள். வெர்லின் சொந்தமாக வேலி போடும் வேலை செய்கிறவர். அவருக்காகப் பேச முதலாளி இல்லை, சங்கம் இல்லை. ஆஸ்பத்திரிப் பில்லைக் கட்ட மீன்பிடிப் படகை விற்றார். வாங்கியவர் ஹார்லன்தான். வாங்கிய கையோடு படகின் பக்கவாட்டில் சிவப்புப் பெயின்ட்டால் பெரிதாக 'ஏப்பம்' என்று எழுதி, ஊர் பார்க்கத் தன் வீட்டு முன்னால் நிறுத்திவிட்டார்.

அதற்கப்புறம் வெர்லின் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால் போதும், யாராவது ஒருவர், "பாத்து மெல்லுப்பா, வெல ஏறிடப் போகுது" என்பார். வெர்லின் காது மடல்வரை சிவந்துபோய்ச் சிரிப்பார். லீயான் கோபப்பட்டால் அவளைத்தான் அடக்குவார். "அவங்க சொன்னதும் நியாயம்தானே. என் ஏப்பத்துக்கு ஊரான் ஏன் காசு கட்டணும்?" என்பார். ஆனால் அதே கடையின் கல்லாப்பெட்டி அருகே, நோயாளிக் குழந்தையின் படம் ஒட்டிய காபி டப்பா இருந்தால், எந்தக் குழந்தை என்றுகூடப் பார்க்காமல் நோட்டை மடித்து உள்ளே தள்ளிவிட்டுத்தான் வெளியே வருவார். இரண்டும் ஒரே மனிதர்தான். அவருக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை.

லீயான் தட்டை விட்டுவிட்டுக் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். அப்பாவின் வண்டிச் சாவி இருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

செவ்வாய் காலையில் ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து வந்தவன் அவளோடு பள்ளியில் படித்த ராய்ஸ். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவிடம், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, வண்டியிலேயே, அமைதியாகப் போய்விட்டார் என்றான். அப்புறம் லீயானை வாசலுக்கு வெளியே அழைத்துப்போய்ச் சாவியைக் கொடுத்தான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"வழியில இல்ல லீயான். அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வண்டி ஆஸ்பத்திரிலதான் நிக்குது. அவசரப் பிரிவுக்கு நேர் எதிர்ல. இஞ்சின் ஓடிக்கிட்டே இருந்துது."

"உள்ள போறதுக்குள்ள..."

"இல்ல. பக்கத்துல கிளினிக் இருக்கில்ல, எட்டு மணிக்குத் தொறப்பாங்களே, செலவு கம்மின்னு எல்லாரும் போறது. அதுக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கார். வாசல் கூட்டற அம்மா இருட்டு பிரியறதுக்கு முன்னாலயே வண்டியைப் பாத்திருக்காங்க. இவர் கையைக் காட்டினாராம். அவங்களும் காட்டினாங்களாம்."

அவளுக்கு அப்போது அழுகை வரவில்லை. யாரோ மண்டையில் ஓங்கித் தட்டியதுபோல் எல்லாம் ஒரு கணம் நின்றுவிட்டது. அப்பா கையை ஆட்டினார் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அன்று விடியுமுன் அம்மா எழுந்து என்ன என்று கேட்டதற்கு, "அவசரம் எதுவுமில்ல, நீ தூங்கு" என்று சொல்லிவிட்டுப் போனவர். அந்த வார்த்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்ற கேள்வியும் கூடவே வந்தது. அன்றிலிருந்து சவப்பெட்டி பார்த்தாள், பூ சொன்னாள், வந்தவர்களுக்கெல்லாம் காபி ஊற்றினாள். இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

மேசையில் இப்போது பேச்சு சூடாகியிருந்தது. யாரிடமும் கை நீட்டாத மனுஷன், தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டவன், இப்படி நாலு பேர் இருந்தால் நாடு உருப்படும் என்று ஹார்லன் முடித்தார். ஓய்வுபெற்ற வாத்தியார் லோரன் விடவில்லை. அறுபத்தைந்து ஆனால் அரசாங்கமே வைத்தியம் பார்க்கிறது, வெர்லினுக்கு அறுபத்து மூன்று, இந்த இரண்டு வருடத்துக்குள் ஒருவன் நோயே படக் கூடாது என்பது என்ன நியாயம் என்றார். அடுத்தவன் உழைப்பில் வைத்தியம் பார்த்துக்கொள்வது மட்டும் நியாயமா என்றார் ஹார்லன். நோய் என்ன ஆள் பார்த்தா வருகிறது என்றார் லோரன். எழவு வீட்டில் ஓட்டுக் கேட்க வேண்டாம் என்று யாரோ அதட்டினார்கள். இரண்டு பேருமே வெர்லின் சொன்னதாக ஒவ்வொன்றை எடுத்து வீசினார்கள். இரண்டுமே அவர் சொன்னதுதான். கயிறு இழுக்கும் போட்டியில் நடுவில் கட்டிய துணிபோல அவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுப்பதை லீயான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மாதான் மெதுவாகச் சொன்னாள். "இன்னும் அஞ்சு நிமிஷம் தாக்குப்பிடிச்சிருந்தார்னா போதும். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போயிருப்பார். வாசலுக்குப் போயிட்டா விட்டுடுவாங்களா? காப்பாத்தியிருப்பாங்க."

ஆமாம் ஆமாம் என்று சுற்றியிருந்தவர்கள் அவள் முதுகைத் தடவினார்கள். நடந்ததைச் சொல்லிவிட லீயான் நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள். ஆனால் வெளியே வந்தது வேறு.

"மாமா, அப்பா வண்டியை எடுத்துட்டு வரணும். ரெண்டு பேர் வேணும். என்கூட வர்றீங்களா?"

வழியெல்லாம் ஹார்லன் பேசிக்கொண்டே வந்தார். அறுத்த சோள வயல்களில் பனி திட்டுத்திட்டாகக் கிடந்தது. வெர்லின் நட்ட வேலிகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார்; இது அவன் போட்டது, இதுவும் அவன் போட்டது, ஒரு கம்பமாவது சாய்ந்திருக்கிறதா பார் என்றார். படகை வசந்தத்தில் வெளியே எடுக்கப்போவதாகவும், பெயரை இன்னொரு தடவை பளிச்சென்று எழுதப்போவதாகவும், அதுதான் அவனுக்கு நினைவுச்சின்னம் என்றும் சொன்னார். லீயான் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியதும், "இங்க எதுக்குடி? வண்டி போலீஸ்காரங்ககிட்ட இல்ல?" என்றார்.

"இங்கதான் மாமா இருக்கு."

வண்டி தனியாக நின்றது. பின்னால் வேலிக் கம்பங்களின் மேலும் கம்பிச்சுருளின் மேலும் பனி மூடியிருந்தது. சாவியை அவரிடம் நீட்டினாள். ஹார்லன் ஏறி உட்கார்ந்தார். லீயான் மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அப்பாவின் வாசனை, மரத்தூளும் பழைய காபியும் கலந்த வாசனை, அப்படியே இருந்தது. ஃப்ளாஸ்க்கின் மூடி டாஷ்போர்டின் மேல் கவிழாமல் நின்றது. அதன் அடியில் காபி காய்ந்து வட்டமாக ஒட்டியிருந்தது. பக்கத்தில் வாயு மாத்திரைப் புட்டி. ஹார்லன் அதை எடுத்துக் குலுக்கினார். சத்தம் வரவில்லை.

துடைப்பான் கண்ணாடியிலிருந்து பனியை ஒதுக்கியதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். நேர் எதிரே இடப்பக்கம் சிவப்பு எழுத்தில் அவசரப் பிரிவு. அதை ஒட்டினாற்போல் வலப்பக்கம் கிளினிக்கின் பச்சைப் பலகை. நடுவில் ஒரு பூத்தொட்டிதான்.

"வழியிலன்னுதானே சொன்னாங்க" என்றார்.

"அம்மாகிட்ட அப்படிச் சொன்னாங்க."

ஹார்லன் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்தார். "சரி, எப்படியோ இதுவரைக்கும் ஓட்டிட்டு வந்திருக்கான். நிறுத்தின ஒடனே முடிஞ்சிருக்கும். பாவம், எறங்கக்கூட நேரம் இல்ல."

"வண்டியை ரிவர்ஸ்ல எடுத்து நிறுத்தியிருக்கார் மாமா."

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு பக்கக் கண்ணாடியில் பார்த்தார். இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கும் நடுவே, அளந்து வைத்ததுபோல் நின்றது வண்டி. வெர்லின் எங்கே போனாலும் பின்பக்கமாகத்தான் நிறுத்துவார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பின்னால் பத்து வண்டி காத்திருக்க, முன்னே போய்ப் பின்னே வந்து, கோடு தப்பினால் மறுபடி வெளியே எடுத்து, நேராக்கிவிட்டுத்தான் இறங்குவார். அதற்கும் ஹார்லன் கிண்டல் செய்ததுண்டு. மூச்சு முட்டிச் சாகிறவன் அப்படி நிறுத்த மாட்டான் என்று லீயான் சொல்லத் தேவை இருக்கவில்லை.

"எவ்வளவு நேரம்?" என்றார்.

"கூட்டற அம்மா இருட்டுலயே பாத்திருக்காங்க. கையைக் காட்டினாராம். கிளினிக் எட்டு மணிக்குத்தான் தொறக்கும்."

ஹார்லன் புட்டியை டாஷ்போர்டில் வைக்கப் போனார். பிறகு தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நான் வெளையாட்டுக்குத்தானே சொன்னேன்."

"எல்லாருமே சிரிச்சோம் மாமா. நானும்தான்."

அவள் அதை ஆறுதலாகச் சொல்லவில்லை, குற்றமாகவும் சொல்லவில்லை. நாலு நாளாக ஒற்றை ஆளாகத் தூக்கியதன் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான். கொடுத்தபிறகும் பாரம் குறைந்ததாகத் தெரியவில்லை.

"நடீனுக்கு?" என்று கேட்டார்.

"தெரியாது. நீங்க சொல்லுங்க, நான் சொல்லட்டுமா வேண்டாமா?"

எந்தப் பேச்சுக்கும் ஒரு மறுபேச்சு வைத்திருக்கிற ஹார்லன் கதவைத் திறந்து இறங்கினார். எதற்கு என்று லீயானுக்குப் புரியவில்லை. அவளும் இறங்கி வண்டியின் முன்பக்கம் வந்து நின்றாள். அவர் பனிச்சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்து போனார். கிளினிக்கில் விளக்கு அணைந்திருந்தது. சனிக்கிழமை மதியத்தோடு சரி. சிவப்பு எழுத்தின் அடியில் போய் நின்றதும் அவசரப் பிரிவின் கண்ணாடிக் கதவுகள் யாரும் தொடாமலே இரண்டு பக்கமும் விலகின. உள்ளேயிருந்த வெதுவெதுப்பு ஆவியாக வெளியே வந்தது. அவர் ஓர் அடி பின்னால் வைத்தார். மூடிக்கொண்டன. மறுபடி முன்னால் வைத்தார்.

உள்ளே மேசையிலிருந்த பெண் எழுந்து எட்டிப் பார்த்தாள். "ஐயா, குளிர்ல ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க. என்ன பண்ணுது உங்களுக்கு?"

ஹார்லன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார். "அவசரம் எதுவுமில்ல."

ஆனால் அவர் நகரவில்லை. கதவுகள் பாதிவரை மூட வந்தன. ஆள் இன்னும் நிற்பது தெரிந்து, மறுபடியும் விலகி நின்றன.