உள்ளே முளைத்த காதுகள்

மொட்டைமாடிச் சுவரில் இலையை வைத்துவிட்டுக் கண்ணாயிரம் கூவிய கூவலுக்கு அண்ணாமலையே எழுந்து வழிவிட்டிருக்கும், காகம்தான் வரவில்லை. அண்ணன் தசரதனின் திதி. இலையில் சோறு, குழம்பு, நடுவில் அவருக்கு உயிரான ஆட்டுக்கொழுப்பு வறுவல். அந்தத் துண்டின் பருமனைப் பார்த்தால், ஆடு அதைச் சுமக்க முடியாமல்தான் செத்திருக்கும் என்று தோன்றும்.

செத்தவருக்குப் பிடித்ததைப் படைப்பதும், காகம் தொட்ட பிறகே வீட்டார் சாப்பிடுவதும் வழக்கம். இதில் கண்ணாயிரம் தன் கைச்சரக்கையும் சேர்த்திருந்தார். முதல் திதியன்று காகம் தயங்கியபோது, "உன் பங்கயும் இனிமே நானே துன்றேன்ணே, வா" என்று வாக்குக் கொடுத்தார். உடனே வந்துவிட்டது. அன்றிலிருந்து அமாவாசை தவறாமல் அண்ணன் பங்கு தம்பி வயிற்றுக்குள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கிழித்துக் கொடுத்த டிக்கெட்டைத் திரும்ப வாங்கிப் பழக்கமில்லை.

மகள் தேவிப்ரியா சென்னையில் எலிகளின் ரத்தக்குழாயை ஆராய்கிறவள். திதிக்கு வந்தவள் இலையைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"எங்க எலிங்களுக்கும் இப்படித்தான் கொழுப்பு போட்டோம்ப்பா. ரத்தக்குழாய்ச் சுவத்துல தசை இருக்கு. அந்த செல்லு மேல ரிசப்டர்னு ஒண்ணு, காது மாதிரி. கொலஸ்ட்ரால் ஏறினா, 'இறுக்கு'ன்ற சேதியக் கேக்குற காது ஜாஸ்தியாயிடுது. முன்ன கத்தினாதான் இறுக்கும். அப்புறம் குசுகுசுன்னாலே இறுக்கிக்கும்."

"அடேங்கப்பா! உங்கம்மா கூப்ட்டா கேக்காத காதெல்லாம் அங்கதான் போயிடுச்சா?"

"எனக்கு நல்லா கேக்குது!" என்று கீழே சமையலறையிலிருந்து ஜோதியம்மாள் கத்தினாள்.

கண்ணாயிரம் தெருவே அதிரச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பேரில் ஆயிரம் கண் இருப்பது போதாதென்று உள்ளே ஆயிரம் காது முளைத்து, எல்லாம் ஒரே பக்கம் திரும்பியதுபோல் இருந்தது. ஒரு மாதமாகவே இப்படித்தான். செங்கம் ரோட்டு ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளும்போது யாரோ நெஞ்சுக்குள் கைவிட்டு, ஒரு பிடி பிடித்து விடுவார்கள். அண்ணனின் கை அப்படித்தான், உடும்புப்பிடி.

"இன்னாப்பா, மார் வலிக்குதா?"

"வெறும் வாயு."

சொன்னது அவர் குரல் இல்லை. அதே இழுவை, அதே அலட்சியம். கிரிவலப் பாதையில் உட்கார்ந்துகொண்டு அண்ணன் சொன்ன கடைசி வார்த்தை. இவர் சோடா வாங்க ஓடினார். திரும்பி வந்தபோது அண்ணன் மலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கண் இமைக்கவில்லை.

கண்ணாயிரம் சுவரைப் பிடித்துக்கொண்டார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"வாயு இல்லம்மா. ஏத்தம் ஏறினா புடிக்குது. இப்பவும் புடிக்குது."

"யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"காக்காகிட்டகூட சொல்லல."

அவள் அவரைச் சுவரோரம் உட்காரவைத்துவிட்டு, "அம்மா, ஆட்டோவக் கூப்புடு! ஆஸ்பத்திரிக்கு!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். பல்லக்கு என்று சொல்ல வாயெடுத்தார். மூச்சு இடம் கொடுக்கவில்லை.

ஆட்டோ கிளம்பியபோது மேலே பார்த்தார். சுவரில் இலை இருந்தது, சோறு வைத்தபடி இருந்தது. பக்கத்தில் காகம். அலகில் அந்தக் கொழுப்புத் துண்டு. அது விழுங்கவில்லை; தலையைச் சாய்த்து, எதையோ கேட்பதுபோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.