அதே பெயர், வேறு எண்

என் கணவர் சேவியர் 2005 பிப்ரவரியில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். நாகல் நகரில் நாங்கள் நடத்திய டைப்பிங் கடையின் கணினியில் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். மகள் தமிழ்நிலா தேவாலயத்தில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கும் நாளில் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதுவரை யாரும் பார்க்கக் கூடாதென்று, தன் கணக்கில் மட்டும் திறக்கும்படி அது இருந்த கோப்புறையைப் பூட்டிவிட்டு, கணக்கின் கடவுச்சொல்லை என்னிடம் சொன்னார்.

கணினியில் இருந்தது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். நானும் அவரும் சேர்ந்து நிறுவியது.

புதுநன்மைக்கு முந்தின நாள் காலை. ஒத்திகைக்காக மகளைக் கோயிலில் விட்டுத் திரும்பினால், கடையில் என் கொழுந்தன் சூசைமாணிக்கம் உட்கார்ந்திருந்தான். மதுரையில் கணினி பழுது பார்ப்பவன். திரையில் வேறு ஏதோ ஓடியது.

"என்னப்பா இது?"

"பெடோரா மதினி. அண்ணன் போட்டிருந்தது பழசு. ரெண்டும் லினக்ஸ்தான, எல்லாம் ஒண்ணுதான்."

"யாரக் கேட்டுச் செஞ்ச?"

"பயப்படாதீங்க. அண்ணனோட ஃபைல் இருக்க பகுதியத் தொடல. அண்ணன் பேருலயே கணக்கும் போட்டுட்டேன்."

அவன் வைத்த கடவுச்சொல்லைக் கேட்டு அந்தக் கணக்கில் நுழைந்து கோப்புறையைத் தட்டினேன். அனுமதி இல்லை என்றது. அவனும் மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டுப் பிடரியைச் சொறிந்தான்.

"டிஸ்க் கெட்டுருச்சு போல மதினி. அந்தப் பகுதிய அழிச்சிட்டுப் புதுசா அமைச்சா மெஷினாவது பொழைக்கும்."

அவன் கை மவுஸுக்குப் போனது. அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். மூன்று மாதமாக எல்லாரிடமும் தலையாட்டியிருந்தேன். அவருடைய சட்டைகளைக் கேட்காமல் பீரோவிலிருந்து எடுத்துப் போனார்கள், தலையாட்டினேன். கடையை மூடச் சொன்னார்கள், அதற்கும் தலையாட்டினேன்.

"எந்திரி."

"மதினி, நான்..."

"ஏலே, எந்திரிங்கிறேன்ல!"

எழுந்தான். நிர்வாகி கடவுச்சொல்லை அவனிடமே வாங்கி, கட்டளைத் திரையில் கோப்புறைகளின் உரிமையாளர்களை எண்ணாகக் காட்டும்படி கணினிக்குக் கட்டளை தட்டினேன். கோப்புறை 1000 என்ற ஆளுக்குச் சொந்தம். அவன் உண்டாக்கிய சேவியரின் எண் 500.

டெபியன் ஆட்களுக்கு ஆயிரத்திலிருந்து எண் கொடுக்கும். பெடோரா ஐந்நூறிலிருந்து தொடங்கும். பெயர் நாம் கூப்பிடுவதற்கு. கணினி பார்ப்பது எண்ணை. அவரது பெயரோடு உட்கார்ந்திருந்த கணக்கு அதற்கு முன்பின் தெரியாத ஆள்.

"மதுரையில இதத்தான் பாக்குறியா? பேரு போட்டா அண்ணனாயிருமா? இம்புட்டுக்கூடப் பாக்காம அழிக்க வந்துட்ட!"

கணக்கின் எண்ணை 1000 என்று மாற்றி மறுபடி நுழைந்தேன். திறந்தது. 'நிலாக்குட்டி' என்ற முதல் வார்த்தையைப் பார்த்ததும் மூடிவிட்டேன். மிச்சம் அவளுக்கு.

"பாத்தீங்களா, ஒண்ணும் போகல. இதுக்குப் போயி அம்புட்டுச் சத்தம்!" என்று சிரித்தான். "சரி, நாளைக்கு எத்தன மணிக்குக் கோயிலுக்கு வரணும்?"

தகப்பன் இடத்தில் அவன் நின்று பிள்ளையின் மெழுகுவத்தியை ஏற்றுவதாக வீட்டில் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். அப்போதும் நான் தலையாட்டியிருந்தேன்.

"வா. கடைசி பெஞ்சில உக்காரு. மெழுகுவத்திய நான் ஏத்திக்கிறேன்."

"ஊரு என்ன சொல்லும் மதினி?"

"சொல்லட்டும்."

சேவியர் மனைவிக்குக் கோபம் ஜாஸ்தி என்று இன்றைக்கும் உறவில் சொல்லி வருகிறான். ஜாஸ்திதான்.