ஞாயிற்றுக்கிழமை முகங்கள்

பேக்கரிக்காரியின் மகள் ஒரு வயது வரை யாரையும் போல இல்லை. அதன் பிறகு வாரத்துக்கு ஒருவரைப் போல இருந்தாள். முதலில் வந்தது தீயணைப்பு நிலைய அதிகாரியின் முகம். ஊர்ப் பிள்ளைகளுக்கு வண்டிகளைத் திறந்து காட்டும் நாளன்று அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது பாப்பாவுக்கு அகன்ற தாடையும் நடுவில் சேர்ந்த புருவமும் இருந்தன. மீசை மட்டும் இல்லை. திங்கட்கிழமை தாடை கொஞ்சம் இளகியது. புதன்கிழமைக்குள் எல்லாம் கரைந்து, பிசைந்து மூடி வைத்த மாவு போல யார் சாயலும் இல்லாத பழைய முகம் திரும்பியது. அடுத்த வாரம் நூலக ஆண்டு விழா. நூலகரின் நீண்ட மூக்கோடு வந்தாள். நாய்க் கண்காட்சிக்குப் போன அன்று மட்டும் வீட்டில் கொஞ்சம் கவலைப்பட்டார்கள், ஆனால் வந்தது நடுவரின் முகம்தான். டாக்டர் எடை போட்டார், வாயைத் திறந்து பார்த்தார், பல் முளைக்கிற வயதில் சில பிள்ளைகளுக்கு இப்படி இருக்கும், வெயிலில் தொப்பி போடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ஊர் இதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. யார் தூக்குகிறார்களோ அவர்கள் முகம் ஒட்டிக்கொள்கிறது என்று எல்லோரும் நம்பியதால், விழாக்களில் பாப்பாவைத் தூக்கப் போட்டி நடந்தது. பெரிய பூசணிக்காய்க்கான பரிசை வாங்கியவர் பரிசைத் தரையில் வைத்துவிட்டுப் பாப்பாவை வாங்கிக்கொண்டார். மறுநாள் பேக்கரிக்கு வந்து, தன் காது அவளுக்கு எப்படி அமைந்திருக்கிறது என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போனார். பேண்டு வாத்தியப் போட்டி நடந்த வாரம் ட்ரம்பெட் ஊதுகிறவரின் உப்பிய கன்னங்கள் வந்தன. அந்த வாரம் பாப்பாவுக்குத் தொப்பியே நுழையவில்லை.

இதில் எதற்கும் போக முடியாதவள் அம்மா ஒருத்திதான். சனி, ஞாயிறில்தான் பேக்கரியில் கூட்டம் அலைமோதும். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அலுவலகங்கள் மூடியிருக்கும் அந்த நாட்களில் ஊரின் லிஃப்டுகளோடு சேர்ந்து அவனும் ஓய்வில் இருந்தான். அதனால் விழாக்கள் அவன் பங்காயின. அம்மா வாரம் முழுக்கப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே மாவு பிசைந்தாள், அடுப்புச் சூட்டிலிருந்து தள்ளி மாவு மூட்டைகளுக்கு நடுவே தூங்க வைத்தாள், காய்ச்சலென்றால் மார்பிலேயே போட்டுக்கொண்டாள். அவள் சாயல் ஒரு நகத்தில்கூட இறங்கவில்லை. ஊரில் பாதிப் பேருக்குக் கிடைத்தது பெற்றவளுக்குக் கிடைக்கவில்லை. ரொட்டி வாங்க வருகிறவர்கள் பாப்பாவைப் பார்த்து, இந்த வாரம் தபால்காரரா என்று சிரித்துக் கேட்டால் அவளும் சிரித்தாள். அடுப்பில் எரிந்ததைவிட வயிற்றில் அதிகம் எரிந்தது. நாத்தனார் ஒருமுறை ஆறுதல் போல, “அண்ணி, உங்க முகம் கொஞ்சம் சாதாரணம்தானே, அதான் ஒட்ட மாட்டேங்குது,” என்றாள். அன்று பேக்கரியில் ஒரு தட்டு பன் கருகியது.

பாப்பா இரண்டு வயதை நெருங்கும்போது வாரா வாரம் ஒரே முகம் வர ஆரம்பித்தது. இடது கன்னத்தில் குழி, முன்பல் ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது, சிரிக்கும்போது கண் கோடாகிவிடும். பெண்முகம், அதிலும் அழகான முகம். பட்டம் விடும் விழாவுக்குப் போனாலும் அதுதான், பழைய கார்கள் கண்காட்சிக்குப் போனாலும் அதுதான். அம்மா மூன்றாவது வாரம் வரை பொறுத்தாள். பிறகு பாப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டே, யார் அவள் என்று கணவனைக் கேட்டாள்.

“யாரு?”

“இந்தக் கன்னத்துல குழி விழுதே, அவ.”

“கூட்டத்துல யார் யாரோ தூக்குறாங்க. நான் என்ன, எல்லார் கன்னத்தையுமா பாத்துக்கிட்டு இருக்கேன்?” என்றான் அவன். உண்மையைச் சொல்கிறவன் குரல்தான் அது. பொய் சொல்லக் கற்றுக்கொண்டவன் குரலும் அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் ரொட்டி விற்றதெல்லாம் கன்னங்களுக்குத்தான். சில்லறையைக் கையில் கொடுக்கும்போது ஒவ்வொரு பெண்ணும் சிரிக்கும்படி ஏதாவது சொல்லிவைத்தாள். பேக்கரிக்காரி இப்போதெல்லாம் நன்றாகப் பேசுகிறாள் என்று ஊரில் பெயர் வந்தது. குழி மட்டும் அகப்படவில்லை. வீட்டிலோ, சாப்பாட்டு மேசைக்கு எதிரே அதே குழியோடு மகள் உட்கார்ந்து சோற்றைத் துப்பினாள். அவளைக் கொஞ்சக் குனிந்தால் வேறொருத்தியைக் கொஞ்சுவது போலிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா முத்தம் கொடுக்காமலே பாப்பாவைத் தூங்கப் போட்டாள். பிறகு அதை நினைத்துத் தனியாக அழுதாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பேக்கரியைத் திறக்கவில்லை. பூங்காவில் வருடாந்திரச் சந்தை. வீட்டில் இருங்கள் என்று கணவனிடம் சொல்லிவிட்டுத் தானே பாப்பாவோடு போனாள். ஊர் அன்று ரொட்டியில்லாமல் இருந்தது. பூசணிக்காய்க்காரர் கையை நீட்டினார், அவள் தரவில்லை. நூலகரிடமும் தரவில்லை. ஆனால் பாப்பா யாரிடமும் போகக் கேட்கவில்லை. சந்தையின் கடைசியில், வேலிக்கு அந்தப் பக்கம், இப்போதெல்லாம் எல்லா விழா நாளிலும் தண்டவாளமில்லாமல் வளைந்து வளைந்து ஓடும் குட்டி ரயிலைக் காட்டி அம்மாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். கிட்டப் போனதும் அம்மாவுக்கு வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எஞ்சினில் உட்கார்ந்து ரயிலை ஓட்டியவளுக்குக் கன்னத்தில் குழி இருந்தது.

பிள்ளைகள் இறங்கி ஏறும் நேரத்தில் அம்மா வேலியோரம் போய், என் பெண்ணை நீ எத்தனை முறை தூக்கியிருப்பாய் என்று கேட்டாள். ரயில்காரி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் ஒரு தடவைகூடத் தூக்கினதில்லைக்கா. வண்டியை விட்டு இறங்கவே விட மாட்டாங்க. அவதான் இங்க நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருப்பா. கூப்பிட்டாலும் ஏற மாட்டா. பாத்தாப் போதும் அவளுக்கு.”

“அவரு?”

“உங்க வீட்டுக்காரரா? அந்த பெஞ்சுல தூங்குவாரு. சாயங்காலம் நான்தான் விசில் அடிச்சு எழுப்பிவிடுவேன்.”

கணவன் மேலிருந்த சந்தேகம் அந்த இடத்திலேயே தீர்ந்தது. அதனால் அவளுக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை. அவன் தப்புச் செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இதுவோ பாப்பாவே தேடி எடுத்துக்கொண்ட முகம். ரயில் கிளம்பியது. அம்மா பாப்பாவைத் தன் பக்கம் திருப்பி, “என்னைப் பாருடி தங்கம்,” என்றாள். மூடியிருக்கும் கடையைப் பார்ப்பது போல அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பாப்பா ரயில் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா அவளை வேலியோரம் இறக்கிவிட்டாள். பின்னால் நின்று, அப்படி என்னதான் இருக்கிறது என்று தானும் பார்த்தாள். திட்டுவதற்கு ஒரு குறை தேடித்தான் பார்த்தாள். ரயில்காரி முழங்கையாலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். ஒவ்வொரு வளைவிலும், அந்த வளைவு அங்கே இருப்பதை அப்போதுதான் கண்டுபிடித்தவள் போலச் சிரித்தாள். சாய்ந்த பல் சிரிப்பைக் கெடுக்கவில்லை, அதுவும் ஒரு கோபம். அம்மா கண்ணிமைக்காமல் பார்த்தாள். வேலிக் கம்பி உள்ளங்கையில் பதியும்வரை பார்த்தாள். தன் மகள் ஏன் பார்க்கிறாள் என்று புரிந்தபோது பொறாமை இன்னும் கூடியது, இன்னும் பார்த்தாள். விளக்குகள் போட்டு, கடைகளை மடிக்க ஆரம்பித்த பிறகுதான் இருவரும் கிளம்பினார்கள்.

கதவைத் திறந்த கணவன், “வாங்க, உள்ள வாங்க,” என்றான். பாப்பாவை வாங்கிக்கொண்டு, மரியாதையாக நாற்காலியையும் இழுத்துப் போட்டான். அவள் சமையலறைக்குப் போய், துலக்கிக் கவிழ்த்திருந்த பாத்திரத்தில் தன்னைப் பார்த்தாள். இடது கன்னத்தில் குழி. முன்பல் நாக்கில் தட்டுப்பட்டது. விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, அடுப்பைப் பற்ற வைத்துப் பாலைச் சுட வைத்தாள்.

கணவன் இரண்டு நாள் அவளை வாங்க, போங்க என்றுதான் பேசினான். விருந்தாளிக்குத் தருவது போலக் குளியலறைக்கு வெளியே அவன் சோப்புப் பெட்டியை நீட்டி நின்றபோது அவள் சத்தம் போட்டாள். அந்தக் குரலில் பழைய நினைவு வந்து அவன் சரியானான். பாப்பாவுக்குத்தான் வேலையே ஓடவில்லை. மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, மாவு பிசைகிற அம்மாவை நாள் முழுக்கப் பார்த்தாள். அம்மா நகர்ந்தால் அவளும் நகர்ந்தாள். பார்ப்பதற்கு அந்த முகம் எப்போதும் வீட்டிலேயே இருந்ததால், புதன்கிழமையும் இருவர் முகமும் கரையவில்லை, அதற்கடுத்த வாரங்களிலும் கரையவில்லை. பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அதே முகத்தோடுதான். நாத்தனார் வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “அப்படியே அம்மாவை உரிச்சு வெச்சிருக்கு,” என்றாள். தன் பழைய முகத்தை அம்மா ஒருநாளும் தேடவில்லை.

ரயில்காரி எப்போதாவது ரொட்டி வாங்க வருவாள். ஒரு சனிக்கிழமை, வரிசையில் நின்ற புதுக்குடித்தனக்காரர் அவளையும் கல்லாவில் நின்றவளையும் பார்த்துவிட்டு, உங்கள் தங்கையா என்று விசாரித்தார்.

“ஆமாங்க,” என்றாள் பேக்கரிக்காரி, ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே. “சின்ன வயசுலேர்ந்து என் சாடைன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க.”

ரயில்காரி மறுக்கவில்லை. வண்டிக்கு நேரமாகிறதென்று சொல்லி ரொட்டியை வாங்கிக்கொண்டு போனாள்.