பாட்டு ஹாரனும் பூவாயி ஓட்டும்

கொட்டச்சேடு மலைக்கிராமத்து ஜெயபிரகாஷுக்கு இரண்டு வாய். ஒன்று ஊருக்கு, இன்னொன்று காருக்கு. வழியில் யாரைக் கண்டாலும் ஹாரன் அடித்து, ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைகூப்பிச் சிரிப்பார். சிரித்த வாய் மூடுவதற்குள், "ரோடு என்ன இவன் அப்பன் ஊட்டுச் சொத்தா, சனியன்" என்பார். கண்ணாடி ஏற்றியிருப்பதால் வெளியே கும்பிடு மட்டும்தான் போய்ச்சேரும். வசவு முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி மேனகாவுக்கு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சிறு காப்பி விவசாயிகள் சங்கத் தேர்தல். தலைவர் நாற்காலிக்கு மனிதர் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைந்தார். சங்கத்தில் இருக்கும் மேட்டுக்காட்டுப் பெண்கள் அத்தனை பேரும் அவர்களில் மூத்தவளான பூவாயிக் கிழவி கைகாட்டும் ஆளுக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். பூவாயியும் இவருக்கே என்று வாக்குக் கொடுத்தாயிற்று. அத்தோடு சும்மா கிடந்தாரா? தலைவர் வருவது நாலு வளைவுக்கு முன்னாடியே தெரிய வேண்டாமா என்று ஒண்டிக்கடை முக்கில் கார் சாமான் கடை வைத்திருக்கும் ரியாஸிடம் போய்ப் பாட்டு ஹாரன் மாட்டிக்கொண்டார்.

திரும்பும்போது நல்ல மூடுபனி. முதல் வளைவில் ஹாரனை அமுக்கினார். பாட்டு மலையெல்லாம் எதிரொலிக்க, கூடவே அவர் பக்கத்துக் கண்ணாடி சர்ரென்று இறங்கியது. கை பட்டிருக்கும் என்று ஏற்றிவிட்டார்.

அடுத்த வளைவில் விறகுச் சுமையோடு பூவாயி. ஹாரன். கும்பிடு. சிரிப்பு.

"நவுருதா பாரு, கெழட்டு மூதேவி. ஓட்டுப் போடற வரைக்கும் இதையெல்லாம் கும்பிட்டுத் தொலைக்கோணும்!"

முகத்தில் பனி சிலீரென்று அடித்தது.

"ஏனுங்க, கண்ணாடி..." என்றாள் மேனகா.

பூவாயி சுமையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகப் பார்த்தாள்.

"ஆட்டைச் சொன்னேனுங்க ஆத்தா" என்றார் ஜெயபிரகாஷ். அந்த ரோட்டில் கண்ணுக்கு எட்டிய தூரம் ஆடு கிடையாது.

காரைத் திருப்பிக்கொண்டு ஒண்டிக்கடைக்கே பறந்தார். ரியாஸ் மலை ஈரத்தைக் குறை சொன்னான். பிறகு கார் கம்பெனியைக் குறை சொன்னான். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தான், கதவின் உள்பலகையைக் கழற்றி மோட்டாரைத் தட்டினான். கண்ணாடி தேமேயென்று இருந்தது.

"ஹாரன் அடிச்சாத்தான் எறங்குது தம்பி" என்றாள் மேனகா.

ரியாஸ் தலையைச் சொறிந்தான். "ஹாரனுக்கு ஒயர் எட்டலீங்கக்கா. கண்ணாடி சுவிட்சு ஒயர் கிட்டத்துல இருந்துச்சு, அதுல முறுக்கி உட்டுட்டேன்."

"அடப்பாவி! உன்னால என் மானமே போச்சேடா!" என்று குதித்தார் ஜெயபிரகாஷ்.

"ஒயரை மாத்தி முறுக்குனது ரியாஸ் தம்பி, சரி. கெழட்டு மூதேவின்னு சொல்லச் சொன்னதும் அவருதானுங்களா?" என்று கேட்டாள் மேனகா. மனிதர் பாட்டு ஹாரனைக் கழற்றிப் பழைய ஹாரனையே மாட்டச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பூவாயியும் மேட்டுக்காட்டுப் பெண்களும் சங்கத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஜெயபிரகாஷ் பயபக்தியோடு ஹாரனைத் தொட்டு, கைகூப்பி, "வணக்கமுங்க ஆத்தா, நல்லா இருக்கீங்களா" என்றார். கண்ணாடி இம்மியும் அசையவில்லை. ரியாஸ் இந்தத் தடவை வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தான்.

பெண்கள் நின்று அவர் உதட்டையே பார்த்தார்கள். பூவாயி வந்து கண்ணாடியில் விரலால் தட்டினாள். அவர் அவசரமாக இறக்கினார்.

"இப்ப என்ன திட்டுனீங்கன்னு காதுல உழுவலை சாமி. அன்னிக்காட்டம் கண்ணாடியத் தொறந்துட்டுத் திட்டுங்க, இவளுகளும் கேக்கட்டும்."

"ஐயோ, வணக்கந்தானுங்க சொன்னேன்!"

பெண்கள் சிரித்த சிரிப்பு சங்கக் கட்டடம் வரை கேட்டிருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாகக் காருக்குள்ளும் வணக்கமே சொன்னவர், "நீயாவது சொல்லேன்" என்று மேனகாவைப் பார்த்தார்.

மேனகா கதவைத் திறந்து இறங்கி, பூவாயியோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தாள். அவளுக்கும் சங்கத்தில் ஒரு ஓட்டு இருந்தது.