ஹஜ்ரத்துக்குக் கட்டாத தர்கா

நீலசந்திராப் பேட்டையில் அந்த மழைக்காலம் முழுக்க ஆளாளுக்குக் கனவு வந்தது. சாதாரணக் கனவா என்ன? மௌத்தாகி மண்ணுக்குள் போன பள்ளிவாசல் இமாம் ஃபக்ருத்தீன் ஹஜ்ரத் வெள்ளை ஜிப்பாவில் வந்து நிற்கிறார், சிரிக்கிறார், மல்லிகை மணக்கிறது. ஆட்டோ ஓட்டுகிறவருக்கு வந்தது, இட்லி மாவு விற்கிற அம்மாவுக்கு வந்தது, பீன்யா ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவனுக்குக்கூட வந்தது. பெற்ற மகள் சஹானாவுக்கு மட்டும் வரவில்லை.

ஹஜ்ரத் அந்தப் பேட்டையையே உலுக்கி எடுத்த மனிதர். வெள்ளிக்கிழமைப் பிரசங்கமான பயானை, எல்லாருக்கும் புரியட்டும் என்று, உருதுவை விட்டுத் தமிழில் சொன்னார். வரதட்சணை வாங்கினார்கள் என்று சொந்த மச்சான் வீட்டு நிக்காஹுக்கே போகவில்லை. பெண்கள் தொழுவதற்குப் பள்ளிவாசல் மாடியைத் திறக்க வைத்தார். தாயத்து, சந்தனக்கூடு, கபர் மேட்டுக்குப் போர்வை என்று யாராவது வாயைத் திறந்தால் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வார். "செத்தவன் நம்ம துஆவுக்குக் காத்துக் கெடக்கறான். அவன்கிட்டயே போய்க் கேட்டா எதைக் குடுப்பான்?" என்பார். அவர் தோற்றது ஒரே ஒரு விஷயத்தில்தான். அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குள் பெண்கள் வரக்கூடாது என்ற ஊர்ப் பழக்கத்தை மட்டும் அவரால் அசைக்க முடியவில்லை.

அப்பேர்ப்பட்டவர் கனவில் வந்தால் என்ன அர்த்தம்? தர்கா கேட்கிறாராம்! உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கபரில் பூ விழுந்தது, ஊதுபத்தி புகைந்தது, பச்சைப் போர்வையும் ஏறிவிட்டது.

ஜமாஅத் தலைவர் நூருல்லா சஹானாவின் வீட்டுக்கே வந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. பாவம், அவருடைய அன்பில் பொய் இல்லை.

"நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. தர்கான்னு ஆயிட்டா லேடீஸும் உள்ளே வரலாம். தினம் வந்து அத்தா பக்கத்துல உக்காந்துக்கோ. யார் கேக்கப் போறா?"

அத்தாவின் உடலை ஜனாஸாவில் தூக்கிப் போனபோது வாசலோடு நின்று அனுப்பிவைத்தவள் சஹானா. அத்தாவை எங்கே அடக்கினார்கள் என்றுகூடத் தெரியாது. அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், அவளுடைய ஆசையெல்லாம் அவ்வளவுதான். பழம் நழுவிப் பாலில் விழுகிறது. ஆனால் அத்தா வாழ்நாள் முழுக்க எதை வேண்டாம் என்றாரோ, அதை அவர் தலைமேலேயே கட்ட வேண்டும்.

"நாளைக்குச் சொல்றேன் பாய்."

மத்தியானம் தூறல் சத்தத்தில் கண் அயர்ந்தாள். வந்தார். கடைசியில் வந்தேவிட்டார். ஜிப்பா இல்லை, வீட்டில் கட்டும் பழைய லுங்கி. சுவரே இல்லாத வீடு, ஜன்னல் மட்டும் நிற்கிறது, உள்ளேயும் வெளியேயும் ஒரே பனி. அத்தா அந்தப் பனிக்குள் கையை விட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அத்தா, உங்களுக்குக் கட்டடம் வேணுமா?"

அவர் காதிலேயே வாங்கவில்லை. "டீ போட்டியாம்மா?" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் நூருல்லா ஆவலோடு கேட்டார். "வந்தாரா? என்ன சொன்னாரு?"

தர்கா வேண்டாம் என்றார் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அவளுக்கு மனசு வரவில்லை. கனவைக் காட்டி ஊரை மடக்குவதும் அதே சரக்குதானே!

"டீ கேட்டாரு பாய். கனவை விடுங்க, உசிரோட இருந்தப்போ சொன்னதைக் கேப்போம். தர்கா வேணாம். கபர்ஸ்தான் கேட்டைத் திறந்து விடுங்க, நாங்க வந்து துஆ செஞ்சுட்டுப் போறோம்."

"அதெப்படிம்மா..."

"தர்கான்னா வரலாம், வெறும் மண்ணுன்னா வரக்கூடாதா?"

"அப்படியே உங்கத்தா வாய்," என்று முணுமுணுத்துவிட்டு நூருல்லா சாவியை எடுக்கப் போனார்.

தெருப் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தூக்கத்தில் நடப்பவர்களைப்போல உள்ளே போனார்கள். நூருல்லா பச்சைப் போர்வையைக் காட்டினார். "இதோ, உங்க அத்தா."

"என்ன பாய், அது டெய்லர் பாயோட கபராச்சே!" என்றார் அன்றைக்கு ஜனாஸாவைச் சுமந்து வந்த ஒருவர். "ஹஜ்ரத்தை வேப்பமரத்தடியிலதானே வெச்சோம்?"

"இல்லய்யா, சுவரோரம்," என்றார் இன்னொருவர்.

அடையாளம் வைக்காதீர்கள் என்று ஹஜ்ரத்தே சொல்லிப் போயிருந்தார். மழை மண்ணைச் சமமாக்கிவிட்டது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நூருல்லாவுக்கு முகம் செத்துவிட்டது.

சஹானா சிரிக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் பக்கத்தில் உட்கார இடமில்லையே என்று வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் ஈரப்புல்லில் உட்கார்ந்து கையேந்தினாள். அத்தா எங்கே என்று தெரியாததால், அங்கே படுத்திருந்த எல்லாருக்குமாகத் துஆ கேட்டாள்.